டைட்டன் சிக்கும், மென்கலினான் சிக்காது

கேள்வி: என்னிடம் 750 மி.மீ. குவியத்தூரம் கொண்ட 6 அங்குலத் தொலைநோக்கி, மோட்டார் பொருத்திய தாங்கி, 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கருப்பு-வெள்ளைக் கேமரா, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் இருக்கின்றன. மென்கலினான் என்ற இரட்டை விண்மீனின் நிறமாலைக் கோடுகள் இரண்டாகப் பிரிவதையும், சனியின் நிலா டைட்டனில் மீத்தேனையும் பதிவு செய்ய முடியுமா?

முதலாவது முடியாது, இரண்டாவது முடியும். மென்கலினான் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும், டைட்டன் 8.4 ஒளியளவில் (எண் கூடக் கூட மங்கல்) மங்கலாகக் கிடக்கும். அப்புறம் ஏன் இப்படி? இங்கே பிரச்சினை வெளிச்சம் இல்லை, தேடும் அடையாளத்தின் அகலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரேட்டிங்குக்கும் சென்சாருக்கும் 50 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு பிக்சலுக்கு 0.75 நானோமீட்டர். விண்மீனின் பிம்பம் நாலைந்து பிக்சல் பரவியிருக்கும் என்பதால், 3 நானோமீட்டருக்குக் குறைவான விவரம் எதுவும் கிடைக்காது. மென்கலினானின் இரு விண்மீன்களும் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போவதால்தான் கோடு இரண்டாகப் பிரிகிறது. அவற்றின் திசைவேக வேறுபாடு அதிகபட்சம் நொடிக்குச் சுமார் 220 கி.மீ. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோட்டில் அது வெறும் 0.48 நானோமீட்டர் விலகல். ஒரு பிக்சல்கூட இல்லை. 1889இல் ஹார்வர்டில் வானியலாளர் ஆன்டோனியா மோரி இந்தப் பிரிவைக் கண்டது கால்சியத்தின் கூரிய கோட்டில். அதைப் பார்க்க நீங்கள் மெல்லிய பிளவு வழியே ஒளியை வாங்கும் நிறமாலைமானி வாங்க வேண்டும்.

இரட்டை விண்மீன்தான் வேண்டும் என்றால் அல்பிரியோவை எடுங்கள். அதன் இரு விண்மீன்களுக்கும் இடைவெளி 35 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு), உங்கள் சென்சாரில் 34 பிக்சல். இரு விண்மீன்களையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக நிறமாலை விழும்படி கிரேட்டிங்கைத் திருப்பினால், ஒரே படத்தில் இரண்டு பட்டைகள். ஆரஞ்சு விண்மீன் நீலப் பக்கம் தேய்ந்து போகும். நீல விண்மீனில் ஹைட்ரஜன் கோடுகள் தெரியும். (இவை உண்மையில் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. படம் எடுக்க அது தடையில்லை.)

சரி, டைட்டன். மீத்தேன் உறிஞ்சும் பட்டைகள் 619, 727, 890 நானோமீட்டரில் இருக்கின்றன. பல நானோமீட்டர் அகலம், அதனால் உங்கள் கருவிக்கே போதும். வானியலாளர் கைப்பர் டைட்டனில் மீத்தேனைக் கண்டறிந்து 1944இல் அறிவித்ததும் இப்படி நிறமாலை எடுத்துத்தான், ஆனால் டெக்சஸின் 82 அங்குலத் தொலைநோக்கியில். நீங்கள் 727ஐக் குறிவையுங்கள். 890 சென்சாரின் ஓரத்துக்குப் போய்விடும், கிரேட்டிங் உண்டாக்கும் இரண்டாவது நிறமாலையின் (இரண்டாம் வரிசை) நீல ஒளியும் அங்கே வந்து கலக்கும். கேமரா முன்னால் அகச்சிவப்பு வெட்டும் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது 727ஐயே தின்றுவிடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: சனியின் வளிமண்டலத்திலும் மீத்தேன் உண்டு! சனியின் ஒளி கொஞ்சம் வழிந்தாலும், டைட்டனில் மீத்தேன் கண்டதாக நாம் குதிப்போம். ஆகவே டைட்டன் சனியிலிருந்து மிகத் தள்ளி, ஏறத்தாழ 3 கலை (180 விகலை) தூரத்தில் நிற்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். 16 நாள் சுற்றில் அது இரண்டு முறை வரும். அல்பிரியோவுக்குச் செய்தது போலவே நிறமாலையைச் செங்குத்தாக விழவிட்டால் நடுவில் 175 பிக்சல் இடைவெளி கிடைக்கும். 20, 30 விநாடிப் படங்களாகப் பல எடுத்து அடுக்குங்கள்.

இன்னொரு குறுக்கீடு நம் காற்றின் ஈரம். நீராவியும் 720ஐ ஒட்டி உறிஞ்சும், கடலோர ஊரில் இது சிறிய விஷயமல்ல. அதே உயரத்தில் சூரியனைப் போன்ற ஜி2 வகை விண்மீன் ஒன்றையும் எடுத்து, டைட்டன் நிறமாலையை அதால் வகுங்கள். சூரிய ஒளியின் சாயலும் காற்றின் அடையாளமும் கழிந்துபோகும். வகுத்த பிறகும் 727இல் பள்ளம் நின்றால் அது மீத்தேன். படத்தில் ரியா நிலாவும் தற்செயலாக விழுந்தால் அதையும் பாருங்கள். அதற்கு மீத்தேன் வளிமண்டலம் கிடையாது. அங்கேயும் பள்ளம் தெரிந்தால், வழிந்து வந்தது சனியின் ஒளி.