பிரசவிக்காத எலி குட்டியைப் பார்த்து ஓடுது: உங்க ப்ராஜெக்ட் தப்பில்லைங்க

பிரசவிக்காத பெண் எலிகிட்ட குட்டிகளை விட்டா மோந்து பார்த்துட்டு ஓடிருது, ஆறாவது நாள் திடீர்னு வாயால கவ்வி கூட்டுக்குத் தூக்கிட்டுப் போகுது, அப்போ ஹார்மோனுக்கு வேலையே இல்லையான்னு கேட்டிருக்கீங்க. நீங்க பார்த்தது அப்படியே விலங்கு நடத்தை ஆய்வாளர் ரோசன்பிளாட் 1967ல காட்டினதுதாங்க, தினமும் குட்டிகளோட இருந்தாலே சுமாரா ஒரு வாரத்துல தாய் மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சிடும். ஹார்மோன் அந்த ஒரு வாரத் தயக்கத்தை முன்னாடியே எடுத்துடுது, பிரசவம் நெருங்கறப்ப புரோஜெஸ்டிரோன் இறங்கி ஈஸ்ட்ரோஜனும் புரோலாக்டினும் ஏறி மூளையில தாய்மை நடத்தையை இயக்கற மீடியல் ப்ரீஆப்டிக் ஏரியாங்கற பகுதியைத் தயார் பண்ணி வச்சிடுது, அதனாலதான் பெத்த உடனே குட்டியை நக்கி சுத்தம் பண்ணி அணைச்சுக்குது. அங்கிருந்து போற சிக்னல் மூளையில ஆர்வத்தைக் கிளப்பற டோபமைன் பாதையைத் தூண்டி குட்டியைத் தேடிப் போக வைக்குது. குட்டி வாசனைக்கு மிரண்டு விலகறது மூளையில பயத்தோட தொடர்புள்ள அமிக்டாலா பக்கத்து வேலை. ப்ரீஆப்டிக் ஏரியாவை சேதப்படுத்தினா பெத்த தாயே குட்டியைத் தூக்காதுங்க, எனக்கு இதைப் படிச்சப்போ மனசே கனத்துப்போச்சு.

எத்தனாவது நாள் தூக்குச்சுங்கறதுதான் உங்க முக்கியமான டேட்டா, அதை விட்டுடாதீங்க. அதே குட்டிகளையே நாள் கணக்கா வைக்காதீங்க, இந்த எலிகிட்ட பால் கிடையாது பாவம், தினமும் பால் குடிச்சு வயிறு வெள்ளையா தெரியற குட்டிகளா மாத்துங்க. சுண்டெலி வச்சு ஒப்பிடாதீங்க, லேப் சுண்டெலியில பிரசவிக்காததும் பெரும்பாலும் சீக்கிரமே குட்டியைப் பார்த்துக்கும்.