கடிதம்: சிப்பாய்க்கு வேறு வழி இருந்ததா?

வணக்கம் சார். யூதப் படுகொலை பற்றிய கட்டுரையில், ஜெர்மன் ராணுவமும் சேர்ந்துதான் கொன்றது என்று எழுதியிருந்தீர்கள். நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ். செய்ததற்குச் சாதாரணச் சிப்பாயைப் பழிக்கலாமா? அவன் போரிட வந்தவன். மறுத்திருந்தால் அவனையே சுட்டிருப்பார்களே?
செ.

அன்புள்ள செ.,

‘சுட்டிருப்பார்களே’ என்பதை நானும் பல வருடம் நம்பியிருந்தேன்.

1941 அக்டோபர், பெலாரூஸ். ஜெர்மன் ராணுவத்தின் 691ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாலியன். மேஜர் கொமிஷாவ் தன் கம்பெனி அதிகாரிகள் மூன்று பேருக்கும் ஒரே உத்தரவு போடுகிறார்: உங்கள் பகுதியில் இருக்கும் யூதர்களைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றுவிடுங்கள். ஒருவர் உடனே முடித்துவிட்டார். இன்னொருவர், நோல், தயங்கினார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டார். எழுத்திலும் வந்தது. வேலையைத் தனக்குக் கீழே இருந்த சார்ஜன்ட் மேஜரின் தலையில் கட்டினார். குருச்சா என்ற ஊரில் சுமார் 150 பேரைச் சுட்டார்கள். மூன்றாமவர் ஸிபில். பள்ளி ஆசிரியராக இருந்தவர். முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இளகின மனசுக்காரர் என்று பேர் வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நோலைத்தான் மறக்க முடியவில்லை. தப்பு என்று தெரிந்தவன்தானே காகிதம் கேட்பான்?

போருக்குப் பின் நடந்த வழக்குகளில், நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காக மரண தண்டனை பெற்ற ஒரு சிப்பாயைக்கூட குற்றம்சாட்டப்பட்டவர்களின் வக்கீல்களால் காட்ட முடியவில்லை. லித்துவேனியாவின் வில்னா நகரில் ஆன்டன் ஷ்மிட் என்ற சார்ஜன்ட்டை 1942இல் சுட்டார்கள், உண்மைதான். ஆனால் அவர் யூதர்களை லாரியில் ஏற்றித் தப்பவைத்தவர்.

சரி, ‘போரிட வந்தவன்’ என்கிறீர்கள். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த செர்பியாவுக்கு வாருங்கள். ஒரு ஜெர்மன் சிப்பாய் செத்தால் பதிலுக்கு 100 பேரை, காயம்பட்டால் 50 பேரைச் சுட வேண்டும் என்று 1941 அக்டோபர் 10 அன்று உத்தரவு போட்ட ஜெனரல் பேமே ராணுவக்காரர். துப்பாக்கி பிடித்தவர்களும் பெரும்பாலும் ராணுவத்தினர்தான். குழி வெட்டத்தான் நேரமாகிறது, 100 பேரைச் சுட 40 நிமிடம் போதும் என்று ஒரு காலாட்படை லெப்டினன்ட் அறிக்கையே எழுதினார்.

அங்கே ஷாபாட்ஸ் முகாமில் இருந்த யூதர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து பாலஸ்தீனம் போகக் கிளம்பி, டான்யூப் நதியில் பாதி வழியில் மாட்டிக்கொண்ட அகதிகள். டோபோலா அருகே கெரில்லாக்கள் ஜெர்மன் சிப்பாய்களைக் கொன்றபோது இவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். அதற்குப் பழிவாங்க இவர்களில் ஆண்களைச் சாசாவிட்ஸாவில் நிறுத்திச் சுட்டார்கள். உத்தரவிட்ட பேமேயும் ஆஸ்திரியாக்காரர்தான்.