சின்னக் கணினியும் தறி வீடும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். சேலைக்குப் பார்டர், முந்தி, புட்டா டிசைன் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் வேலை. எல்லாம் கணினியில்தான். பழைய பெரிய சிபியு போனதும், உள்ளங்கை அகலத்தில் வருகிறதே, அந்த மாதிரிச் சின்ன டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். மேஜை காலியாகும் என்று ஆசை. இப்போது அதைச் சுற்றி ஹப், டிஸ்க், வெப்கேம், ஸ்பீக்கர், பேனா டேப்லெட், எல்லாவற்றுக்கும் ஒயர். மானிட்டர் வாங்கக் காசு இல்லாமல் வீட்டில் சும்மா கிடந்த டிவியை மாட்டியிருக்கிறேன். அதில் பார்டர் ஓரம் தெரிவதில்லை. டிஸ்கில் ஃபைல் காப்பி செய்யும்போது மவுஸ் தத்தித் தத்திப் போகிறது. பக்கத்து வீட்டில் விசைத்தறி போட்டால் சில சமயம் சிஸ்டமே அணைந்துவிடுகிறது. பெட்டியைத் தொட்டால் கை சுருக்கென்கிறது. விசிறி ஒரே இரைச்சல். தூசி படியக் கூடாது என்று அம்மா அதன் மேல் துணி போட்டு மூடி வைக்கிறார்.

கொண்டலாம்பட்டியில் இருக்கும் அண்ணன், "அப்பவே லேப்டாப் வாங்குன்னு சொன்னேன்ல" என்கிறார். இதை யாருக்காவது கொடுத்துவிட்டு லேப்டாப்புக்கே போய்விடலாமா? ஏற்காட்டில் நீங்களும் சின்னக் கணினியில்தான் எழுதுவதாகப் படித்தேன். அதனால் கேட்கிறேன்.

எஸ்., அம்மாபேட்டை

அன்புள்ள எஸ்.,

கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன குறைகளில் பெட்டியோடு சேர்ந்தது விசிறி இரைச்சல் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் பஞ்சால் வந்ததாக இருக்கும். மற்றதெல்லாம் பெட்டியைச் சுற்றி இருப்பவற்றின் கோளாறு. லேப்டாப் வாங்கினாலும் அவற்றில் பாதி கூடவே வரும்.

இந்த வகைக் கணினி ஆரம்பத்திலிருந்தே அரைகுறையாகத்தான் விற்கப்படுகிறது. 2005 ஜனவரியில் முதல் மேக் மினியை 499 டாலருக்கு அறிவித்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ், திரையும் கீபோர்டும் மவுஸும் உங்களுடையதையே கொண்டுவாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார். விலை இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இன்னும் ஒரு படி கீழே போய் வெறும் போர்டாகவே வந்தது, மூடி வைக்கப் பெட்டிகூடக் கிடையாது. பல வருடம் என்யூசி என்று சின்னப் பெட்டிகளைச் செய்துவந்த இன்டெல் 2023இல் அதை விட்டுவிட்டு ஏசுஸ் கையில் கொடுத்தது. பெட்டி செய்கிறவர்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பார்கள். நல்ல மானிட்டரும் கீபோர்டும் அடுத்தடுத்து வரும் பெட்டிகளுக்கும் உழைக்கும். ஆனால் நம் ஆட்கள் கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒயரும் ஹப்பும் பொறுக்குகிறார்கள். தறியை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுப் பாவு நூலுக்குக் காசில்லை என்று உட்கார்ந்திருப்பது போலத்தான் இது. வாங்கப் போகிறவர்கள் கேட்டால், பட்ஜெட்டில் பாதியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள் என்பேன்.

உங்களுக்கு இனி வாங்க வேண்டியது இரண்டுதான். ஒன்று மானிட்டர், இன்னொன்று கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் யுபிஎஸ்.

முதலில் அந்த டிவி. பார்டர் ஓரம் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், சேலை டிசைன் போடுகிறவருக்கு வரக் கூடாத குறை இது! பழைய டிவி ஒளிபரப்பில் படத்தின் விளிம்பு சுத்தமாக இருக்காது. அதனால் வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளிவிடும் பழக்கம் டிவிகளுக்கு உண்டு. கணினியை மாட்டினாலும் அந்தப் பழக்கம் போகாது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருந்தால் அதைப் போடுங்கள், ஓரம் திரும்ப வரும்.

அது ஓரத்துக்கு மட்டும்தான். நிறத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிவிக்குள் படம் போகும்போது வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் போகும். நிறத்தை மட்டும் பல டிவிகள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்ளும், சிலவற்றில் நான்கு புள்ளிக்கு ஒரே நிறம். சினிமா பார்க்கும்போது கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் வேலையில் குறுக்கே ஒரு கட்டம் என்பது தறியில் பாவு நூலைத் தூக்கும் ஒரு கொக்கி, நெடுக்கே ஒரு வரிசை என்பது தறியில் மாட்டும் ஓட்டை போட்ட ஒரு அட்டை. முந்தி முழுவதையும் ஒருசேரப் பார்க்கச் சின்னதாக்கினால் ஒரு கட்டம் திரையில் ஒரு புள்ளியாகிவிடும். அப்போது அரக்குச் சிவப்பு நிலத்தில் நீலக் கோடு ஒற்றைக் கட்டத்தில் ஓடினால் அது கோடாகத் தெரியாது, அழுக்கு போலத் தெரியும். ஃபைலில் டிசைன் சரியாக இருக்கும், நீங்கள் தப்பு என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினால் சில டிவிகள் ஒழுங்காகக் காட்டும். உங்களுடையதிலும் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் ஐபிஎஸ் திரையில் நிறம் அவ்வளவாக மாறாது. தறிக்காரர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து "இந்தப் பச்சைதானே?" என்று கேட்கும்போது நீங்கள் இருவரும் பார்ப்பது ஒரே பச்சையாக இருக்க வேண்டும் அல்லவா?

மவுஸ் தத்துவதற்குக் காரணம் தெரிந்தால் சிரிப்பீர்கள். யுஎஸ்பி 3 வேகத்தில் டிஸ்க் ஓடும்போது அதன் ஒயரிலிருந்தும் பிளக்கிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது. அது விழுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். உங்கள் மவுஸுக்காக யுஎஸ்பியில் செருகியிருக்கும் குட்டி டாங்கிள் பேசுவதும் அதே 2.4இல்தான். இன்டெல் 2012இலேயே இதை அளந்து எழுதி வைத்திருக்கிறது. பெரிய சிபியுவில் டிஸ்க் முன்னால், டாங்கிள் பின்னால் என்று ஒரு முழம் தள்ளி இருக்கும். சின்னப் பெட்டியில் இரண்டும் விரல் அகலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை மட்டும் அதன் நுனியில் செருகி மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். புது மவுஸ் தேவையில்லை. ஹப் பற்றி விவரமாக எழுதவில்லை நீங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் என்றால் டிஸ்கை அதில் மாட்டாதீர்கள், பெட்டியில் நேராக மாட்டுங்கள். ஒரு யுஎஸ்பி 3 வாய் தரும் கரண்டு 900 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க், வெப்கேம், டேப்லெட் மூன்றும் அதைப் பங்கு போட்டால் நடுவில் டிஸ்க் கழன்றுகொள்ளும்.

தறி போட்டால் அணைவதற்கு வருகிறேன். மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டு இழுக்கும். தெருவில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். உங்கள் வீட்டுப் பல்பும் அப்போது ஒரு தரம் மங்கும், கவனித்திருப்பீர்கள். அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்கும், அதனால் சும்மா இறங்கி ஏறுவதை அது தாங்கிக்கொள்ளும். ஒரு கண் இமைப்பு முழுசாகக் கரண்டு போனால்தான் தாங்காது. லேப்டாப்பில் இது தெரியாததற்குக் காரணம் அதனுள் இருக்கும் பேட்டரி. அண்ணன் சொல்வதில் இந்த ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்ளலாம். அந்தப் பேட்டரியைத் தனியாக வாங்கி மேஜைக்குக் கீழே வையுங்கள், அவ்வளவுதான். 600 விஏ யுபிஎஸ் போதும். புது பேட்டரியாக இருந்தால் சின்னப் பெட்டியும் மானிட்டரும் அதில் அரை மணி நேரத்துக்கு மேலேயே ஓடும். வைஃபை பெட்டியையும் அதிலேயே செருகிவிடுங்கள். லேசர் பிரிண்டர் இருந்தால் அதை மட்டும் செருகக் கூடாது. சூடேறும்போது அது இழுப்பதை இந்த யுபிஎஸ் தாங்காது. தறி போடும்போதெல்லாம் யுபிஎஸ்ஸுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், வோல்டேஜைத் தூக்கிவிடும் சத்தம் அது, பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதில் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய வீடுகளில் அது இருப்பதே தெரியாமல் சாதாரண மோடில் ஓடுகிறது. கரண்டு போனால் அந்த மோடில் மாறுவதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் கணினி அணைந்துவிடும். சுவிட்சைத் தள்ளிப் பார்த்துவிட்டு யுபிஎஸ் வாங்கப் போகலாம்.

கை சுருக்கென்பது இரண்டு பின் அடாப்டரும் உலோகப் பெட்டியும் சேர்ந்தால் வருவது. கரண்டு மிகக் கொஞ்சம், வெளியேற எர்த் இல்லாமல் உங்கள் விரல் வழியாகப் போகிறது. மூன்று பின் உள்ள மானிட்டரை எச்டிஎம்ஐ ஒயரால் பெட்டியோடு இணைத்தால், ஒயரின் உறை வழியாகப் பெட்டிக்கும் எர்த் கிடைத்துச் சுருக்கு நின்றுவிடும். டிவியின் பிளக் இரண்டு பின்னாக இருக்கும், அதனால்தான் இப்போது நிற்கவில்லை. மூன்று பின் மானிட்டர் வந்த பிறகும் சுருக்கினால் சுவர் சாக்கெட்டில் எர்த்தே இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுருக்கு இல்லாமல் உதறும்படி அடித்தால் மானிட்டர் வரும் வரைகூடக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அடுத்தது அம்மாவின் துணி. அம்மாவிடம் சொல்லுங்கள், அணைத்த பிறகு மூடலாம், ஓடும்போது கூடாது. இந்தப் பெட்டிகள் ஓரத்திலோ அடியிலோ காற்றை இழுத்துப் பின்னால் சூடாக விடும். விசிறி சின்னது என்பதால் வேகமாகச் சுற்றியாக வேண்டும். தறி வீட்டுக் காற்றில் பறக்கும் பஞ்சு நேராக உள்ளே போய், விசிறிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கில் மெத்தை போலப் படிந்துவிடும். விசிறி சுற்றும், காற்று போகாது, சூடு ஏறும், விசிறி இன்னும் கத்தும். பிளக்கைக் கழற்றிவிட்டு, தீக்குச்சியால் விசிறியைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, காற்று வெளியே வரும் ஓட்டை வழியாக ரப்பர் புளோயரால் ஊதுங்கள். பஞ்சு காற்றை இழுக்கும் பக்கமாகக் கட்டியாக வந்து விழும். அப்புறம் பெட்டியை மேஜை மேலேயே வைக்காதீர்கள். மானிட்டரின் முதுகில் 100 மில்லிமீட்டர் (சிலவற்றில் 75) இடைவெளியில் நான்கு திருகு ஓட்டை இருக்கும், பெட்டியோடு வந்த தகட்டை அதில் முடுக்கிப் பெட்டியைத் தொங்கவிடலாம். பஞ்சு மேஜையில் படிகிற அளவுக்கு அங்கே படியாது, பாதி ஒயரும் கண்ணில் படாது. பவர் பட்டன் பின்னால் போய்விடுமே என்றால், கரண்டு வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புப் பக்கம்) ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் யுபிஎஸ்ஸின் சுவிட்சே பட்டன். ஆனால் யுபிஎஸ் வாங்கிய பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் தறி போடும்போதெல்லாம் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருக்கும்.

இங்கே மலையில் பஞ்சு கிடையாது, பனியும் இடியும்தான். ஏப்ரல், மேயில் சாயங்காலம் இடிக்க ஆரம்பித்தால் பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிடுவேன், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. யுபிஎஸ் சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். நான் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டிருப்பதற்குப் பெரிய காரணம் ரிப்பேர். லேப்டாப்பில் கீபோர்டு போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து, கடையில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதில் கீபோர்டு போனால் கீபோர்டு மட்டும்தான் போகும். பழையது ஒன்று அலமாரியில் இருக்கும், மாட்டிக்கொண்டு தமிழ்99 விசை அமைப்பில் தட்டிக்கொண்டே இருப்பேன். லேப்டாப் வாங்கினால் உங்களுக்கும் அந்தக் கதைதான், திரை போனாலும் பேட்டரி உப்பினாலும் வேலை மொத்தமும் நிற்கும். நீங்கள் தறிக்காரர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து டிசைன் மாற்றித் தருகிறவராக இருந்தால் கதை வேறு, அண்ணன் சொல்வதுதான் சரி. கடிதத்தில் அப்படித் தெரியவில்லை.

மின்கட்டணம் பற்றி வீட்டில் யாராவது பேசினால் கணக்குச் சொல்லுங்கள். பெட்டிக்கு 15 வாட், மானிட்டருக்கு 25 வாட் என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட்கூட வராது.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த டிஸ்கில் இருப்பது நகலா, அல்லது டிசைன் இருக்கும் ஒரே இடமே அதுதானா? ஒரே இடம் என்றால் மானிட்டர், யுபிஎஸ் இரண்டுக்கும் முன்னால் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று கொண்டலாம்பட்டியில் அண்ணன் வீட்டில். தறிக்கு லீவு விடும் நாளில் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். மாற்றும்போது காகிதத்தில் தேதி எழுதி டிஸ்க் மேல் ஒட்டிவிடுங்கள், எது புதுசு என்று மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா