மகள் கல்லூரிகளில் பகுதிநேர நாடகப் பயிற்றுநராகப் போகலாமா?

கேள்வி: மகள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக்கலையில் முதுகலை முடித்திருக்கிறாள். சென்னையில் இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரமாக நாடக வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். இது நிரந்தர வேலைக்கு வழிவிடுமா, வருஷங்கள்தான் வீணாகுமா? ஒரு தந்தையாக எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போகட்டும். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால், எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பகுதிநேர நாடகப் பயிற்றுநர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, பாடத்திட்டத்தில் உள்ள தாளை எடுப்பது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் நடிப்புப் பயிற்சி, ஆங்கில இலக்கியத்தில் நாடகத் தாள் போன்றவை. இதற்கு நேர அட்டவணை, வருகைப் பதிவு, அகமதிப்பெண் எல்லாம் உண்டு. சம்பளம் மணிக்கணக்கில் வரும். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-ல் வரையறுத்தது. சுயநிதிக் கல்லூரிகளில் அந்தத் தொகையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். அங்கே பேசி முடிப்பதுதான் சம்பளம்.

இன்னொன்று, நுண்கலை மன்றத்துக்குப் பயிற்றுநர். கல்ச்சுரல்ஸ், ஆண்டு விழா, பல்கலைக்கழக இளைஞர் விழா ஆகியவற்றுக்கு மாணவர்களைத் தயார் செய்வது. இதற்கு மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 15,000 ரூபாய் என்று கேட்கும்போது நல்ல தொகையாகத் தெரியும். முப்பது நிமிட ஓரங்க நாடகம் ஒன்றைப் புதிய மாணவர்களை வைத்துத் தயாரிக்க 60 முதல் 80 மணி நேர ஒத்திகை வேண்டும். 75 மணி என்று வைத்தால் மணிக்கு 200 ரூபாய்தான் நிற்கும். அதில் பஸ், ஆட்டோ செலவும் போகும். அதனால் மொத்தத் தொகை பேசினாலும், 'இத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வருமானத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 700 ரூபாய், வாரத்துக்கு 12 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பருவத்துக்கு 360 மணி நேரம், 2,52,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 21,000. வகுப்பு நடக்கும் மாதங்களில் கைக்கு அதைவிடக் கூடுதலாக வரும். தேர்வு மாதத்திலும் மே மாத விடுமுறையிலும் எதுவும் வராது. 52 வாரத்தில் 22 வாரம் வருமானம் இல்லை என்பதை முதல் வருடமே தெரிந்துகொண்டு சேமிக்கும் பிள்ளை தாக்குப்பிடிக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெரும்பாலும் கிடையாது, மருத்துவக் காப்பீடு நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒரே கல்லூரி ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும். மகளின் மொத்த வருமானத்துக்கு வரி இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பிடித்த தொகை அவர் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பணி நியமன ஆர்டர் கைக்கு வராமல் முதல் வகுப்புக்குப் போகக் கூடாது. துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். அவர் மாறினாலோ முதல்வர் மாறினாலோ சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. தாளின் பெயர், மொத்த மணி நேரம், மணிக்கான தொகை, எந்தத் தேதிக்குள் பணம், விழா ஒத்திகை இதில் அடங்குமா அடங்காதா, விடைத்தாள் திருத்தவும் செய்முறைத் தேர்வு நடத்தவும் தனித்தொகை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். கல்லூரி ஆர்டர் தரத் தாமதித்தால், பேசியதை உங்கள் மகளே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கலாம். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி, துறையில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதப்போனால் நாலு மணி நேரமாவது காணாமல் போகும்.

இனி வகுப்பறை. பெரும்பாலான கல்லூரிகளில் நாடகத்துக்கென்று தனி இடம் இருக்காது. ஏ.சி. செமினார் ஹாலைக் கொடுப்பார்கள்: தரையோடு போல்ட் போட்ட நாற்காலிகள், முன்னால் எட்டடி இடைவெளி, தரையில் கார்பெட். அங்கே 30 பேரை வைத்து உடல் பயிற்சி நடக்காது. முப்பதுக்கு இருபதடி காலித் தரை குறைந்தபட்சத் தேவை. மாடி வராந்தாவோ பழைய சாப்பாட்டுக் கூடமோ செமினார் ஹாலைவிட மேல். வேலை ஒத்துக்கொள்ளும்போதே இடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும். முதல் நாள் செருப்பைக் கழற்றச் சொன்னால் பாதிப் பேர் கூச்சப்படுவார்கள், அடையாள அட்டை கழுத்தில் தொங்கியபடியே குனிவார்கள். அட்டை, கைக்கடிகாரம், போன் மூன்றையும் ஓரமாக வைக்கச் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரத்தில், முதல் மூன்று வாரம் மூச்சும் குரலும் உடலும், அடுத்த மூன்று வாரம் உடனடி நடிப்பு, பிறகு பிரதி வாசிப்பு, கடைசி ஆறு வாரம் சிறு காட்சிகள் என்று பிரித்தால் பதினைந்து வாரம் கச்சிதமாக இருக்கும். நடுவில் இரண்டு வாரம் அகத்தேர்வும் தீபாவளியும் தின்றுவிடும் என்று முன்கூட்டியே கழித்துவைப்பது நல்லது. நிற்கும் நிலையைத் திருத்த மாணவரைத் தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

போட்டிக்குத் தயார் செய்வதில் விதிமுறையைப் படிக்காமல் தோற்பவர்கள் அதிகம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இளைஞர் விழாவில் ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம், நடிப்பவர்கள் ஒன்பது பேர் வரை. ஸ்கிட்டுக்கு (சிறு நகைச்சுவை நாடகம்) 10 நிமிடம், ஆறு பேர். மைமுக்கு (வசனமில்லாத ஊமை நாடகம்) 5 நிமிடம், ஆறு பேர். வகுப்பறையில் சரியாக 29 நிமிடம் ஓடும் நாடகம் மேடையில் 32 ஆகிவிடும். பக்கவாட்டிலிருந்து நடுமேடைக்கு நடந்து வரும் தூரம் இரண்டு மடங்காகிறது, பார்வையாளர் சிரித்தால் வசனம் நிற்கிறது, விளக்கு அணைந்து எரிய ஒவ்வொரு முறையும் சில விநாடி போகிறது. ஒத்திகையில் 26 நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியதுதான். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மேடையின் உண்மையான அளவைக் கோடு போட்டு ஒத்திகை பார்த்தால் இந்தச் சிக்கல் முன்பே தெரிந்துவிடும்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஒத்திகை என்றால் துறையின் கடிதமும் விடுதிக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும். கல்லூரியின் நிரந்தர ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மாணவருக்கு ஏதாவது ஆனால் பகுதிநேரப் பயிற்றுநரைத்தான் முதலில் கேள்வி கேட்பார்கள். இது உங்கள் மகளின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

நிரந்தர வேலைக்கு வருவோம். பகுதிநேரமாக எடுத்த வகுப்புகள் தாமாக உதவிப் பேராசிரியர் பணிக்கான அனுபவமாகக் கணக்கில் ஏறாது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, முழுத் தகுதியோடு முறையான தேர்வில் சேர்ந்து, நிரந்தர ஆசிரியருக்குக் குறையாத மாதச் சம்பளம் வாங்கியிருந்தால்தான் ஒப்பந்தப் பணி கணக்கில் வரும். மணிக்கணக்குச் சம்பளம் அந்த அளவைத் தொடாது. 'ஐந்து வருஷம் இங்கேயே இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்' என்ற நம்பிக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கணக்கில் வருபவை வேறு. நெட் தேர்வில் (உதவிப் பேராசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு) நடனம், நாடகம், அரங்கம் சேர்ந்த நிகழ்த்துகலைக்குத் தனிப் பாடம் உண்டு, எண் 65. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தார், பழங்குடியினர், கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. இரண்டு தாள் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் 2018 விதியிலேயே இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் 55 சதவீதத்தோடு படித்து, ஐந்தாண்டு தொடர்ந்து மேடையில் பாராட்டுப் பெற்ற தொழில்முறைக் கலைஞருக்கு நாடகத்துறை விண்ணப்பத்தில் இடமுண்டு. மேடையேறியதற்குச் சான்று காட்ட வேண்டும். அதனால்தான் சொல்கிறோம்: வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு ஒத்துக்கொள்ள வேண்டாம். மாலையும் சனி, ஞாயிறும் நாடகக் குழுவுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியின் அழைப்பிதழ், துண்டறிக்கை, பத்திரிகை விமர்சனம், தேதி தெரியும் படம், குழுவின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்க்கட்டும். வகுப்புகளில் ஓய்ந்துபோய் மேடையை விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் உண்மையான நஷ்டம்.

துறைகள் ஜூன் பருவத்துக்கான வேலைப் பிரிவினையை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிடும். அதற்குள் ஒரு பக்க சுயவிவரம், பதினைந்து வாரப் பாடத்திட்டம், மாணவர்களோடு வேலை செய்யும் மூன்று நிமிட வீடியோ ஆகியவற்றைத் தயார் செய்து துறைத்தலைவர்களை நேரில் பார்க்கட்டும். இப்போது கூப்பிட்டிருக்கும் இரண்டு கல்லூரிகளிடமும் இந்த வாரமே ஆர்டர் கேட்கச் சொல்லுங்கள். தரத் தயங்கும் கல்லூரியில் அடுத்த வருடம் பார்க்கலாம்.