தேயாமல் தப்பிய கத்திகள்

அன்பு அண்ணனுக்கு,

சலாம். நான் தொண்டிக்காரன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. இங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு வேட்டைக்கத்தியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். அதிலிருந்து இதே நினைப்பாகிவிட்டது. மடக்குக் கத்தியில் எனக்கு ஆசையில்லை. அலகிலிருந்து பிடிக்குள் வரை ஒரே இரும்பாக ஓடுகிற, கையால் செய்த கத்திகள்தான் வேண்டும்.

முதலில் வாங்கியதைப் போன விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்தேன். அலகில் ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது. பிடி, தோல் வில்லைகளை அடுக்கிச் செய்தது. தோலுறையோடு பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது தம்பி போட்டோ அனுப்பியிருக்கிறான். அலகில் செம்புள்ளிகள், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள பித்தளைக் காப்பில் பச்சையாகக் களிம்பு. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி பஃபிங் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

அத்தாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “கத்தியச் சேத்து வச்சு யார வெட்டப் போறே?” என்கிறார். வேட்டையே தடையான நாட்டில் வேட்டைக்கத்தி சேர்ப்பது சரிதானா என்று எனக்கும் ஓடுகிறது. அடுத்து மான்கொம்புப் பிடி போட்ட ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? நம்ம கடற்கரைப் பக்கம் சேர்க்கிற தரத்தில் ஏதாவது உண்டா? எனக்குத் தெரிந்து எல்லாம் பட்டறைச் சாமான்தானே?

(பெயர் வேண்டாமென்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

பஃபிங் போடக் கூடாது. உங்கள் தம்பிக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம். அந்தச் சக்கரம் துருவோடு சேர்த்து அலகில் பொறித்த எழுத்தின் ஓரங்களையும் மழுக்கும். செய்தவர் அரம் போட்ட கோடுகளை அழிக்கும். வெட்டுகிற வாய்ப்பக்கம் மெல்லிசு, சீக்கிரம் சூடேறும். அங்கே நீலம் பாய்ந்தால் இரும்பு 300 டிகிரிக்குப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய கடினம், அதாவது தோய்ச்சல், போயிற்று. அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது.

தோலுறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் வைக்கவே கூடாது. தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். பித்தளையில் வந்த பச்சை, தோலில் ஊறியிருக்கும் கொழுப்பு செம்போடு சேர்ந்ததால் வந்தது. இது எந்த ஊரிலும் நடக்கும். தொண்டியில் கூடுதலாகக் கடல் இருக்கிறது. கடல் உப்பில் நாம் சாப்பிடுகிற உப்போடு மக்னீசியம் குளோரைடும் உண்டு. சாப்பாட்டு உப்பு கசிந்து நீர்விட, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சித்திரை வெயிலிலும் அலகில் படிந்த உப்பு ஈரம் காயாமல் இருப்பது இதனால்தான். கொண்டலும் வாடையும் கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் வருகிற ஊர் உங்களுடையது. பீரோக் கதவெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

அதனால் எண்ணெய் போடுவதற்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் அது அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து அலகை மட்டும் நாலைந்து தடவை துடைக்கச் சொல்லுங்கள், பிடியில் ஈரம் படக் கூடாது. நம் பக்கம் கிணறும் போர்வெல்லும் உப்பு. கேன் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத்தண்ணீரோதான் வேண்டும். ஈரம் போகத் துடைத்துச் சற்று வெயில் காட்டி, பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இருப்பதிலேயே நுண்ணிய இரும்பு நாரால் (ஸ்டீல் வுல்) செம்புள்ளியின் மேல் மட்டும், அலகின் நீளவாக்கில், மெதுவாகத் தேய்க்க வேண்டும். செந்துரு கழன்றதும் அடியில் சாம்பலும் கருநீலமுமாக ஒரு படலம் தெரியும். அதைத் தொடாதீர்கள். அந்தப் படலம் இத்தனை வருஷத்தில் படிந்தது, புதுத் துரு சட்டென்று ஏறாமல் ஓரளவு தடுப்பதும் அதுதான். பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும். அம்மா பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுகிற புளி இதற்கு ஆகாது, இரும்பை அரித்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் சிக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு ஷார்ஜாவில் கிடைத்தால் ஒரு டப்பா வாங்கி வாருங்கள். மெழுகு பூசி, உறையைத் தனியாக எடுத்துவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் அடிக்கடி.

உங்கள் கத்தியின் வயதைப் பற்றி ஒன்று சொல்ல முடியும். அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த இறக்குமதி வரிச் சட்டம், அங்கே விற்பனைக்கு வரும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு ஊரின் அலகுகளில் ‘இங்கிலாந்து’ என்று பொறிப்பது வழக்கமானது அதற்குப் பிறகுதான். அடுக்குத் தோல் பிடியையும் சேர்த்துப் பார்த்தால் 20ஆம் நூற்றாண்டுக் கத்தியாகத்தான் இருக்கும்.

மான்கொம்புப் பிடி வேண்டாம். ஷெஃபீல்டுக்கு அந்தக் கொம்பு போனது பெரும்பாலும் நம் காடுகளிலிருந்துதான், கடமான் கொம்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் அதைக் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கத்தியும் போகும், வழக்கும் வரும். வேட்டையைப் பற்றி உங்களுக்கு ஓடும் நினைப்புக்கும் இதோடு சம்பந்தம் உண்டு. நம் கரையில் வேட்டை என்றால் ஆமையும் கடல்பசுவும்தான். அது நின்றதில் எனக்கு முழு மகிழ்ச்சி. தொண்டிக்கு வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கான காப்பகமாக 2022இல் அறிவித்தார்கள், அதிலும் மகிழ்ச்சி. வேட்டை நின்ற பிறகு வேட்டைக்கத்தியை வைத்திருப்பதில் தவறில்லை. அதைக் காட்டி வேட்டையைப் பெருமையாகப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் அத்தா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் அரிவாளால் எத்தனை வீடுகள் ஆண்பிள்ளை இல்லாமல் போயின என்பதை அவர் கண்ணால் பார்த்தவராக இருப்பார். பூட்டி வையுங்கள். கையில் பிடித்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், அதற்காகவே பையன்களைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வேட்டைக்கத்திகள் பெரும்பாலும் நாலைந்து அங்குலம்தான். அந்த அளவிலேயே சேருங்கள்.

இனி, கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். பட்டறைச் சாமான்தானே என்று கேட்டீர்கள்.

அமெரிக்காவின் பாப் லவ்லெஸ் கையால் செய்த வேட்டைக்கத்தி இன்று பல்லாயிரம் டாலருக்குப் போகிறது. அவர் வணிகக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். 1950களில் நியூயார்க்கில் ஒரு கடைக்குப் போய் ராண்டல் கத்தி கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழைய இரும்புக் கிடங்கில் கிடந்த 1937 மாடல் பேக்கார்டு காரின், அதிர்ச்சி தாங்கும் வில்பட்டையை வாங்கிப்போய், கப்பலின் சமையலறை அடுப்பில் காய்ச்சி, தன் முதல் கத்தியை அடித்தார். சாயல்குடியிலும் முதுகுளத்தூரிலும் லாரியின் வில்பட்டையைக் காய்ச்சுகிறார்களே, அதே வேலைதான். அவர் கேட்டுப்போன கத்தியைச் செய்த ராண்டல், ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர். 1937இல் மிச்சிகனில் ஓர் ஏரிக்கரையில் ஒருவர் படகில் பழைய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படிச் சுரண்டியும் வாய் மழுங்காத அந்தக் கத்தி வில்லியம் ஸ்கேகல் என்பவர் செய்தது. ராண்டல் அதை விலைக்கு வாங்கினார், பிறகு தானே செய்யத் தொடங்கினார். நம் பக்கத்துக்கு வந்தால், 19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்பவர் வெள்ளைக்காரர்களுக்கு வேட்டைக்கத்தி செய்து கொடுத்தார். அவர் பெயரும் ஊரும் பொறித்த கத்திகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் வருகின்றன. எல்லாம் பட்டறைச் சாமான்தான், தம்பி.

அப்படியென்றால் நம் கரையில் பழைய கத்தி ஏன் கண்ணில் படுவதில்லை? ஒரு காரணம் சர்க்கார். பாளையக்காரர்கள் தோற்ற பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. தெற்கே யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. இன்று ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையில் நாம் பார்க்கிற வாளும், எறிந்து தாக்கும் வளரியும் தப்பிய கொஞ்சம். இன்னொரு காரணம் நான் சொன்ன உப்பு. மூன்றாவதுதான் பெரியது, சேகரிக்கிறவர்கள் அதிகம் பேசாதது. துரையின் வேட்டைக்கத்தி வருஷத்துக்குச் சில நாள் வேலை பார்த்துவிட்டு மற்ற நாளெல்லாம் பெட்டியில் கிடந்தது, அதனால் நூறு வருஷம் இருக்கிறது. வேலைக்காரனின் கத்தி தினமும் தீட்டப்பட்டுத் தேய்ந்தது. தேய்ந்ததைப் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கினார்கள். அதற்கும் ஆகாமல் சிறுத்தபோது அதையே களைக்கொத்தாகவோ உளியாகவோ அடித்துக்கொண்டார்கள். உலகத்தில் எங்கே போனாலும் பழங்கத்திச் சேகரிப்பு என்பது பெரும்பாலும் அதிகம் வேலை பார்க்காத கத்திகளின் சேகரிப்புதான். நல்ல கத்திகளில் பல தேய்ந்தே போய்விட்டன.

பனையேறியின் பாளை அரிவாளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சாயல்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறது. அகலமான, வளைந்த அலகு, வாயை நோக்கி மெலிந்துகொண்டே போகும். காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஒரு இழை கூடுதலாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைத்துச் சீவினால் பதனீர் சுரக்காது. அந்த வாயை வைக்க அவர்கள் கடைச் சாணையைத் தேடுவதில்லை. மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அதில்தான் தீட்டுகிறார்கள். மேலே போகும்போது அது இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் இருக்கும். தூங்கும் நேரம் போக அந்த அரிவாளுக்கு ஓய்வு கிடையாது. பல சீசன் பார்த்த ஒன்றைப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். அகலத்தில் பாதிகூட இராது. பிடியில் கட்டைவிரல் பதிகிற இடம் பள்ளமாகியிருக்கும்.

அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஆசாரி தோய்ச்சல் கொடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். சீமைக்கருவேலங்கரி உலை. செக்கச்செவேலென்று ஆன அலகின் வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்தெடுத்து, உடனே கல்லால் ஓர் இழுப்பு இழுத்து வெளுப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்க, வெளுத்த இடத்தில் நிறம் ஏறியது. வைக்கோல் மஞ்சள் வாயைத் தொட்ட நொடியில் முழுசாகத் தண்ணீருக்குள் விட்டார். அந்த மஞ்சள் ஏறக்குறைய 230 டிகிரி. ஒரு மூச்சு பொறுத்திருந்தால் ஊதா வந்து வாய் இளகியிருக்கும், முந்தியிருந்தால் முதல் வெட்டிலேயே பல் விழுந்திருக்கும். அவரிடம் வெப்பமானி இல்லை. மதிய வெயிலில் நிறம் தெரியாது என்பதற்காக ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தார். லவ்லெஸின் கத்தியை நான் மதிக்கிறேன். இவருடையதை அதற்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் இவர் பெயரை அலகில் யாரும் பொறிக்கவில்லை, இவருக்குப் பின் அந்தப் பட்டறையில் நிற்க ஆளும் இல்லை.

ஆகவே மான்கொம்புக் கத்திக்கு எடுத்துவைத்த பணத்தை அப்படியே வைத்திருங்கள். அடுத்த விடுமுறையில் மரமேறுவதை விட்டுவிட்ட ஒரு பனையேறியிடம் போய், தேய்ந்த பாளை அரிவாளைப் பெட்டியோடும் தீட்டுக்கட்டையோடும் கேளுங்கள். புதுசு வாங்கித் தருகிறேன், பழசைக் கொடுங்கள் என்று பேரம் பேச வேண்டாம். அவர் சொல்கிற விலையைக் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் போட்டோவும் அளவும் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே அரிவாளை அடித்த பட்டறை இன்னும் நடந்தால், அதே அளவில் புதிதாக ஒன்று அடித்து வாங்குங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். லாரிப்பட்டையில் நாலு அங்குல அலகோடு ஒரு வேட்டைக்கத்தியும் சொல்லிப் பாருங்கள். படத்தைக் காட்டி, இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும் என்று சொன்னால் அவருக்குப் புரியும். பட்டறையில் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். 2021லிருந்து வாங்குகிறவர் விவரத்தைக் குறித்துவைக்கச் சொல்லிக் காவல்துறை சொல்லியிருக்கிறது. தயங்காமல் கொடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு எழுதுங்கள். அடித்தவர் யார், எந்த ஊர், என்ன இரும்பு, யார் வைத்திருந்தார், எத்தனை மரம் ஏறினார், இடதுகைக்காரரா, எத்தனை தடவை காய்ச்சி அடித்தது, கடைசியாக எந்த வருஷம் பாளை சீவியது. பெயர் போட அவர் சம்மதித்தால் பெயரையும். பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அட்டையில் பாதிதான் வரும்.

அன்புடன்.