தொலைபேசியில் வந்த உத்தரவு: பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். ஓர் இரவு, தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு வலி மந்தமாக இருப்பதைத் தெரிவித்தபோது, மருத்துவர் தொலைபேசியிலேயே, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் போடச் சொன்னார். நேரில் பார்க்காமல் போட இயலாது என்றேன், அவர் கோபித்துக்கொண்டார். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு குறையவே, 108 ஆம்புலன்ஸில் அனுப்பினோம். தாயும் சேயும் நலம். அந்தப் பதற்றத்தில் பார்ட்டோகிராஃபை (பிரசவ முன்னேற்றத்தையும் குழந்தையின் துடிப்பையும் நேரவாரியாகப் புள்ளிவைத்துக் குறிக்கும் வரைபடத் தாளை) நிரப்பவில்லை. “இப்போது உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் வைத்துவிடு” என்கிறார் மூத்த செவிலியர். நான் மறுத்தது தவறா? விட்டுப்போனதை எழுதலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நீங்கள் மறுத்தது தவறன்று. குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்ஸிடோசினைத் தசையில் போடுவது உங்கள் அன்றாடப் பணி. அதே மருந்தைப் பிரசவத்துக்கு முன் டிரிப்பில் ஏற்றினால், கருப்பை இடைவிடாமல் இறுகிக் குழந்தைக்கு மூச்சுக்காற்று குறையலாம். கருப்பையே கிழியவும் கூடும். அருகிலிருந்து கவனிக்க மருத்துவரும், அவசரமென்றால் அறுவை சிகிச்சைக்கு வசதியும் இல்லாத இடத்தில் அதைத் தொடங்கி விபரீதம் நேர்ந்திருந்தால், “டாக்டர் சொன்னார், போட்டேன்” என்ற பதில் மட்டும் உங்களைக் காப்பாற்றியிருக்காது. முறையாகப் பயின்ற செவிலியர் ஒருவர் அந்த நிலையில் எவ்வளவு கவனத்துடன் நடந்திருப்பாரோ, அதுவே சட்டம் உங்களை அளக்கும் கோல்.

செவிலியர் தவறான ஊசியை ரத்தக்குழாயில் செலுத்தியதால் ஒரு சிறுவனின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையைப் பொறுப்பாக்கி இழப்பீட்டை உறுதிசெய்தது. நிறுவனம் பணம் கட்டுவதால் செவிலியரின் சொந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. குற்ற வழக்கும், செவிலியர் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கையும் தனித்தனியே வரலாம். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரைதான். அந்தச் சலுகையில் செவிலியரைச் சேர்க்காதது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பிரசவ அறையில் விடிய விடிய நிற்பவர் அவர்தானே!

இனி, பார்ட்டோகிராஃப். தயவுசெய்து அந்தப் புள்ளிகளை வைக்காதீர்கள். அரை மணிக்கொருமுறை குறிக்க வேண்டிய இதயத் துடிப்பு ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், பிசிறின்றி வரிசையாக இருந்தால் அனுபவமுள்ள எவருக்கும் ஐயம் எழும். ஆம்புலன்ஸ் வந்த நேரம், பரிந்துரைச் சீட்டு, தொலைபேசி அழைப்பு நேரம் எதனோடும் அது பொருந்தாமல் போனால், வெறும் விடுபாடாக இருந்தது பொய்ச் சான்று புனைந்த குற்றமாக மாறிவிடும். நீங்கள் சரியாகச் செய்ததையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக, கேஸ் ஷீட்டில் “தாமதப் பதிவு” என்று தலைப்பிட்டு, எழுதும் தேதியையும் நேரத்தையும் குறித்து, நினைவில் உறுதியாக உள்ளதை மட்டும் எழுதிக் கையொப்பமிடுங்கள்: மருத்துவர் எத்தனை மணிக்கு என்ன சொன்னார், நீங்கள் என்ன காரணம் கூறினீர்கள், துடிப்பு எவ்வளவாகக் குறைந்தது, 108ஐ எப்போது அழைத்தீர்கள். நினைவில்லாத நேரத்துக்கு “பதிவு செய்யப்படவில்லை” என்றே எழுதலாம். வட்டார மருத்துவ அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தாயின் கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; அவருடைய ரகசியத்தைக் காப்பதும் உங்கள் கடமைதான்.