ஒட்டடைக்குச்சி போல வளர்ந்த பைன் மரத்தை என்ன செய்வது? கேள்வி பதில்

பைன் போன்சாய் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: மரம் உயரமாகப் போய்விட்டது, கீழே கிளையே இல்லை, வெட்டலாமா? குன்னூரில் பதினேழு வருஷமாகப் பைன் வளர்க்கிறேன், கைப்பட்டுத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (ஊட்டி): அக்கா, நர்சரியில் வாங்கிய ஜப்பானியக் கரும்பைன், இப்போது மூன்றடி. இரண்டடி வரை வெறும் தண்டு, உச்சியில் மட்டும் கொத்தாகப் பச்சை. பாதியில் வெட்டினால் கீழே துளிர்க்குமா?

பதில்: துளிர்க்காது, தயவுசெய்து வெட்டாதீர்கள். ஆல், அரசு, இச்சி எல்லாம் மொட்டையாக வெட்டினாலும் தண்டிலிருந்து கிளம்பி வரும், அந்தப் பழக்கத்தில்தான் நம் ஊரில் நிறையப் பேர் பைனிலும் கத்தி வைக்கிறார்கள். ஒரே ஒரு ஊசிக்கொத்தைப் பிடுங்கி அடியைப் பாருங்கள். இரண்டு ஊசிகளும் ஒரு மெல்லிய பழுப்பு உறைக்குள் சேர்ந்திருக்கும். கரும்பைனில் புது மொட்டு வருகிற இடம் பெரும்பாலும் அந்த இரண்டு ஊசிக்கும் நடுவில்தான். ஊசி இரண்டு மூன்று வருஷத்தில் உதிர்ந்துவிடும், அதோடு அந்த இடத்தின் வாய்ப்பும் கிட்டத்தட்ட போய்விடும்.

என் முதல் பைனை நானும் அப்படித்தான் வெட்டினேன். வெட்டிய முகத்தில் பிசின் முத்து முத்தாகக் கட்டி நின்றது, நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை, சரி உயிரோடுதான் இருக்கிறது என்று இரண்டு மாசம் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் மாசம் சுரண்டினபோது பழுப்பு. அதனால் இதை மட்டும் மனதில் வையுங்கள்: வெட்டுகிற இடத்துக்குக் கீழே, அதே கிளையில், கொஞ்சமாவது பச்சை ஊசி இருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் மரம் ஏன் இப்படி ஆனது என்று பாருங்கள். பைனுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். சுவரோரம், கூரைக்கு அடியில் வைத்தால் உச்சி மட்டும் வெளிச்சம் தேடி ஓடும், கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழும். முதலில் இடத்தை மாற்றி ஒரு வருஷம் நன்றாக உரம் கொடுங்கள்.

கேள்வி (லண்டன்): என்னிடம் ஸ்காட்ஸ் பைன் இருக்கிறது. 70 செ.மீ. உயரம், தண்டு கட்டைவிரல் தடிமன்தான், உச்சிக்குப் பக்கத்தில் ஐந்து கிளை. எந்தப் பாணிக்கு ஒத்து வரும்?

பதில்: நீங்கள் சொல்வதைக் கேட்கும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. இதற்கென்றே ஒரு பாணி இருக்கிறது, ஜப்பானியர்கள் புஞ்ஜின் என்பார்கள், படித்த மனிதர் என்று பொருள். சீனப் படிப்பாளிகள் மை கொண்டு வரைந்த மலைக்காட்சிகளில் பாறை விளிம்பில் ஒற்றையாக ஒரு பைன் நிற்கும் பாருங்கள், ஒல்லியான நீண்ட தண்டு, உச்சியில் நாலு கிளை, அவ்வளவுதான், அந்த மரத்தைத்தான் தொட்டியில் கொண்டுவருகிறார்கள். மற்ற பாணிகளில் அடித்தண்டு பருத்திருக்க வேண்டும், முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும் என்றெல்லாம் பார்ப்பார்கள். இங்கே முதல் கிளை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே வரலாம். நீங்கள் குறை என்று நினைக்கிற வெறும் தண்டுதான் இதில் முக்கியமான அழகு.

ஆனால் ஒல்லியாக இருந்தாலே புஞ்ஜின் ஆகிவிடாது, தண்டில் ஓட்டம் வேண்டும். நேராக நிற்கிற குச்சியைக் கம்பி சுற்றிப் பாம்பு மாதிரி ஒரே அளவில் வளைத்து வைக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதே இல்லை. மலையில் மரம் அப்படியா வளைகிறது? கீழே நீளமாக ஒரு சாய்வு, பிறகு சட்டென்று ஒரு திருப்பம், மேலே போகப் போக வளைவுகள் நெருங்கி வரட்டும். ஐந்து கிளையில் மூன்றே போதும். எடுக்கிற கிளையை அடியோடு வெட்டாமல் சின்னக் கட்டையாக விட்டுப் பட்டையை உரித்துவிடுங்கள், வெயிலில் வெளுத்துப்போய் ஜின் ஆகும், அதாவது பட்டையில்லாத காய்ந்த கட்டை, மரத்துக்கு வயதான தோற்றம் வரும். தொட்டி சின்னதாக, வட்டமாக இருக்கட்டும். ஸ்காட்ஸ் பைனின் மேல்பட்டை வயதாக ஆக ஆரஞ்சுச் சிவப்பாகச் செதில் செதிலாக உரியும், தண்டைத் தடவித் தேய்த்துவிடாதீர்கள், அது திரும்ப வர வருஷக்கணக்காகும்.

கேள்வி (பெங்களூரு): மேடம், என் கரும்பைன் தண்டு மூன்று செ.மீ. தடிமன். வளைத்து உயரத்தைக் குறைக்க முடியுமா? உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: முடியும், அவசரப்படாமல் செய்தால். குளிர்காலம்தான் நேரம், டிசம்பர் ஜனவரி. முந்தின நாள் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், மரம் இளகிக் கொடுக்கும். சணல் நாரை நன்றாக ஊறவைத்து, வளைக்கிற இடத்தில் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள், அதற்கு மேல் கம்பி. கம்பியின் தடிமன் தண்டில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். உங்கள் தண்டுக்கு ஒரு கம்பி போதாது, இரண்டை அருகருகே சேர்த்துச் சுற்றுங்கள். கம்பி வளைவின் வெளிப்பக்கத்தில் படிய வேண்டும், விரிசல் விழுவது அங்கேதான்.

வளைக்கும்போது இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கம் கொடுத்து மெதுவாக அழுத்துங்கள், காதையும் அங்கேயே வையுங்கள். மெல்லிய நெறு நெறு சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு அப்படியே கட்டி வையுங்கள். மிச்சத்தை மூன்று வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். முழு வளைவும் இன்றைக்கே வர வேண்டியதில்லை. கம்பி பட்டையில் பதிகிறதா என்று வளரும் பருவத்தில் அடிக்கடி பாருங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): ஜூன் மாசம் புதுத்தளிரை வெட்டினால் அடர்த்தியாகும் என்கிறார்களே, நெட்டையான மரத்துக்கும் செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அது கரும்பைன், செம்பைன் மாதிரி இரண்டு ஊசி ஜப்பானிய மரங்களுக்கு, அதிலும் தெம்பாக இருக்கிற மரத்துக்கு. வசந்தத்தில் மெழுகுவத்தி மாதிரி எழும்பும் தளிரைக் கோடைத் தொடக்கத்தில் எடுத்துவிட்டால் அதே வருஷம் இரண்டாவதாகச் சின்னத் தளிர்கள் வரும், ஊசியும் குட்டையாக இருக்கும். மெலிந்த மரத்தில் செய்தால் அந்த இரண்டாவது தளிருக்குச் சக்தி இருக்காது. ஐந்து ஊசி வெண்பைனில் செய்யவே கூடாது.

கேள்வி (சென்னை): மொட்டை மாடியில் கரும்பைன் வளர்க்க ஆசை. வருமா அக்கா?

பதில்: உயிரோடு சில வருஷம் இருக்கலாம், ஆனால் அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும், சென்னையில் அது கிடைக்காது. மனசு கஷ்டமாக இருக்கும், தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சவுக்குதான் வைப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் பைன் மாதிரியே இருக்கும், கடற்கரை வெயிலும் உப்புக்காற்றும் அதற்குச் சொந்தம், வெட்டினால் துளிர்க்கவும் செய்யும். தைவானிலும் இந்தோனேசியாவிலும் அருமையான சவுக்குப் போன்சாய்கள் செய்கிறார்கள். தண்ணீர் மட்டும் தாராளமாக வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): 62 வயதில் ஒரு நெட்டை வெண்பைன் வாங்கியிருக்கிறேன். கிளை வெட்டி, கம்பி சுற்றி, தொட்டியும் மாற்றி இந்த வசந்தத்திலேயே முடித்துவிடலாமா?

பதில்: ஐயா, மூன்றையும் ஒரே வருஷத்தில் செய்தால் மரம் தாங்காது. இந்த வருஷம் தொட்டியை மட்டும் மாற்றுங்கள், மொட்டு பருக்கும் நேரத்தில். வேர் மண்ணைக் கழுவி மொட்டையாக்க வேண்டாம், வேரில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும் பூஞ்சை பைனுக்கு வேண்டியது, பழைய மண்ணில் பாதியை அப்படியே விடுங்கள். அடித்தண்டில் வேறு மாதிரிப் பட்டையும் ஒரு தடிப்பும் தெரிகிறதா என்றும் பாருங்கள், வெண்பைனைக் கரும்பைன் வேரில் ஒட்டுக்கட்டி விற்பது வழக்கம். அந்தத் தடிப்பு எந்தப் பக்கம் மறைகிறதோ அது முன்பக்கமாக வரலாம்.

அடுத்த வருஷம் வடிவம். அதுவரை தொட்டியைக் கண் மட்டத்துக்கு ஒரு முக்காலியில் ஏற்றி, தினம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். எடுக்கலாமா என்று சந்தேகமாக இருக்கும் கிளையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், துணி இருக்கும்போது மரம் நன்றாக இருக்கிறதா, எடுத்த பிறகா? ஒரு வாரம் அப்படியே விடுங்கள். கம்பி சுற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.